புத்தகத்துப் படமும் தலைக்குள் இருக்கும் குழாயும்

போன வருஷம் ஆடி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. சந்திரசூடேஸ்வரர் மலைக்குப் போய்விட்டு இறங்கி வரும்போது என் மனைவி நடுப்படியில் உட்கார்ந்துவிட்டாள். "ஏங்க, மலையே சுத்துதுங்க" என்றாள். சோடா வாங்கிக் கொடுத்து, கால் மணி நேரம் உட்கார வைத்து, மெதுவாக ஆட்டோவில் வீட்டுக்குக் கூட்டி வந்தேன். மறுநாள் காலையில் படுக்கையில் புரண்டு படுத்தபோதும் அதே சுற்றல்.

நாங்கள் வழக்கமாகப் பார்க்கும் டாக்டர், "காதுக்குள் வரும் தலைச்சுற்றல் மாதிரிதான் இருக்கிறது, பயப்பட வேண்டாம்" என்றார். பெங்களூரில் இருக்கும் மகளுக்கு அது போதவில்லை. "அம்மாவுக்கு 68 வயசு, பி.பி. இருக்கு, ஒரு ஸ்கேன் எடுத்துடுங்கப்பா" என்று போனிலேயே உத்தரவு. எடுத்தோம். எம்.ஆர்.ஐ.யோடு சேர்த்து மூளை ரத்தக் குழாய்களையும் படம் பிடித்தார்கள். சாயங்காலம் ஒரு பெரிய உறை, உள்ளே ஃபிலிம், ஒரு சி.டி., இரண்டு பக்க ரிப்போர்ட்.

ரிப்போர்ட் முழுக்க ஆங்கிலம். அதில் இரண்டு வரியைத் தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். வலது பக்கம் ஏ-ஒன் என்ற குழாய் ஹைப்போபிளாஸ்டிக். இடது பக்கம் பின்மூளைக் குழாய் ஃபீட்டல் ஒரிஜின். அவ்வளவுதான். அது நோயா, இயற்கையா, அவசரமா, அலட்சியம் செய்யலாமா என்று ஒரு சொல் இல்லை. கொடுத்த பெண்ணிடம் கேட்டேன். "டாக்டர்கிட்ட காட்டுங்க சார்" என்றாள். டாக்டர் வெளியூர் போயிருந்தார், திங்கட்கிழமைதான் வருவார்.

அந்த இரண்டு ராத்திரியை நான் மறக்க மாட்டேன். மகன் செல்போனில் தேடி, ஹைப்போபிளாஸ்டிக் என்றால் வளர்ச்சி குறைந்தது என்றான். மாப்பிள்ளை தேடி, ஃபீட்டல் என்றால் கரு என்றார். இரண்டையும் சேர்த்து, "மூளையில் ஒரு நரம்பு வளரவே இல்லை, இன்னொன்று கருவில் இருந்த மாதிரியே நின்று போச்சு" என்று சொந்தக்காரர் வட்டாரத்தில் செய்தி பரவியது. பக்கத்து வீட்டு அம்மா தெலுங்கில் ஆறுதல் சொல்லிவிட்டு, போகும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார். ஞாயிறு ராத்திரி என் மனைவி பீரோவைத் திறந்து, இந்த ஜோடி வளையல் பெரிய பேத்திக்கு, இந்தச் சங்கிலி சின்னவளுக்கு என்று எனக்கு வகுப்பு எடுத்தாள். நான் "சும்மா இரு" என்று அதட்டினேன். ஆனால் எந்த வளையல் யாருக்கு என்பதை மனசுக்குள் குறித்துக்கொண்டேன். பொய் சொல்வானேன்?

அப்புறம் ஒரு நரம்பியல் டாக்டரைப் பார்த்தோம். மனைவியைக் கட்டிலில் உட்கார வைத்து, தலையை ஒரு பக்கம் திருப்பிச் சட்டென்று சாய்த்து, கண்ணைப் பார்த்தார். காதின் உள்ளே சுண்ணாம்புத் துகள் இடம் மாறியிருக்கிறது என்றார். அதே கட்டிலில் தலையை இப்படியும் அப்படியும் திருப்பி வைத்தார். ஒரு வாரத்தில் சுற்றல் போய்விட்டது. ஸ்கேன் ரிப்போர்ட்டை எடுத்து நீட்டியதும் சிரித்தார். "அம்மா, இந்த ரெண்டும் உங்களுக்குப் பிறந்ததிலிருந்தே இப்படித்தான். 68 வருஷமா இதோடதான் சமைச்சீங்க, பிள்ளை பெத்தீங்க, மலை ஏறினீங்க. தலைச்சுத்தலுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை" என்று சொல்லிவிட்டு, மருந்துச் சீட்டின் பின்பக்கம் ஒரு படம் போட்டார்.

அந்தப் படத்தைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. ஏனென்றால் அதை நான் 31 வருஷம் பார்த்திருக்கிறேன்.

சிப்காட்டில் நான் வேலை பார்த்த தொழிற்சாலையில் யுடிலிட்டி மெயின்டனன்ஸ் என் பொறுப்பு. கம்ப்ரஸர், பாய்லர், தண்ணீர், ஃபயர் ஹைட்ரன்ட் எல்லாம் எங்கள் தலையில். காற்று லைனை நாங்கள் நேராக ஒரே குழாயாகக் கொண்டு போக மாட்டோம். ஷெட்டைச் சுற்றி ஒரு வளையமாக ஓட்டுவோம். ரிங் மெயின் என்று பெயர். ஒரு கம்ப்ரஸர் நின்றாலும், ஒரு பக்கம் வால்வை மூடினாலும், மறு பக்கத்திலிருந்து காற்று சுற்றி வந்து மிஷினுக்குக் கிடைத்துவிடும். ஷிஃப்ட் நிற்காது.

மூளைக்கு அடியிலும் அப்படியே ஒரு ரிங் மெயின் இருக்கிறது. கழுத்தின் முன்பக்கம் இரண்டு பெரிய குழாய்கள், கரோட்டிட் என்பார்கள். முதுகெலும்பு வழியாகப் பின்னால் இரண்டு, வெர்டிப்ரல். பின்னால் வருகிற இரண்டும் மண்டைக்குள் ஒன்றாகச் சேர்ந்து பேசிலர் என்ற ஒரே குழாய் ஆகின்றன. ஆக, மூன்று வழியில் வரும் ரத்தம், சின்னச் சின்ன இணைப்புக் குழாய்களால் ஒரு வளையமாகக் கோக்கப்பட்டிருக்கிறது. உடம்பின் எடையில் ஏறக்குறைய 2 சதவீதம்தான் மூளை. ஆனால் இதயம் அனுப்பும் ரத்தத்தில் சுமார் 15 சதவீதத்தை அது கேட்கிறது. நிமிஷக் கணக்கில்கூடத் தாமதம் பொறுக்காத கஸ்டமர். அதற்கு வளையம் போட்டவன் நல்ல இன்ஜினியர்தான்.

இதைச் சரியாக எழுதி வைத்தவர் தாமஸ் வில்லிஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர், 1664-ல். வளையத்துக்கு அவர் பெயர்தான். அந்தப் புத்தகத்துக்குப் படம் வரைந்தவர்களில் ஒருவர் கிறிஸ்டோபர் ரென், பிற்பாடு லண்டனில் செயின்ட் பால் தேவாலயத்தைக் கட்டிய அதே கட்டடக் கலைஞர். வில்லிஸ் ஒரு மனிதரைப் பற்றி எழுதியிருக்கிறார். வேறு ஏதோ வயிற்று நோயில் இறந்தவர். அறுத்துப் பார்த்தால் வலது கரோட்டிட் கல்லாகி முழுக்க அடைத்திருக்கிறது. ஆனால் அந்த மனிதருக்கு உயிரோடிருந்தவரை பக்கவாதமே வரவில்லை. காரணம், அதே பக்கத்துப் பின் குழாய் மற்றதைவிட மூன்று மடங்கு பருத்திருந்தது. பைபாஸ் லைன் தானாகவே பெரிதாகியிருக்கிறது. 360 வருஷத்துக்கு முன்பே ஒருவர் இதைக் கண்ணால் பார்த்துப் புரிந்துகொண்டார் என்பது எனக்கு ஆச்சரியம்தான்.

ஆனால் எங்கள் பிளான்ட்டில் ஒரு பழைய ஜோக் உண்டு. ட்ராயிங் ஆபீஸில் இருக்கும் குழாய் வேறு, தரையில் இருக்கும் குழாய் வேறு. படத்தில் நாலு இன்ச் லைன் என்று இருக்கும், தோண்டினால் இரண்டு இன்ச் இருக்கும். படத்தில் ஒரு இணைப்பு இருக்கும், தரையில் அதற்கு டம்மி போட்டு மூடியிருப்பார்கள். போட்டவன் ரிட்டயர் ஆகியிருப்பான். அதனால்தான் வேலை முடிந்த பிறகு உண்மையில் எப்படிப் போட்டோமோ அப்படி ஒரு படம் வரைந்து வைக்கச் சொல்வார்கள். ஆஸ்-பில்ட் ட்ராயிங். அது இல்லாத பிளான்ட்டில் ராத்திரி இரண்டு மணிக்கு லைன் வெடித்தால் எந்த வால்வை மூடுவது என்று தெரியாமல் ஓடிக்கொண்டிருப்போம்.

மூளையிலும் இதே கதைதான். புத்தகத்தில் போட்டிருக்கும் அழகான முழு வளையம் எத்தனை பேருக்கு இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? 1959-ல் அமெரிக்காவில் நோயில்லாத 350 மூளைகளை எடுத்துப் பார்த்தார்கள். பாதிப் பேருக்குத்தான் புத்தகப் படம் போல இருந்தது. 1998-ல் நெதர்லாந்தில் 150 பேரை ஸ்கேனில் பார்த்தபோது, எந்த இடத்திலும் விட்டுப்போகாத முழு வளையம் 42 சதவீதம் பேருக்குத்தான். மற்றவர்களுக்கு ஒரு துண்டு நூல் மாதிரி மெலிந்திருக்கும், ஒன்று இல்லவே இருக்காது, ஒன்று வேறு இடத்திலிருந்து கிளம்பும். ஆக, என் மனைவிதான் பெரும்பான்மைக் கட்சி. புத்தகத்துப் படம் சிறுபான்மை.

ஃபீட்டல் என்று எங்களைப் பயமுறுத்திய சொல்லுக்கும் டாக்டர் விளக்கம் சொன்னார். தாய் வயிற்றில் இருக்கும்போது எல்லோருக்குமே மூளையின் பின்பகுதிக்கு ரத்தம் முன்பக்கக் கரோட்டிடிலிருந்துதான் போகும். பின்பக்க லைன் அப்போதுதான் உருவாகிக்கொண்டிருக்கும். குழந்தை வளர வளரப் பின்பக்கக் குழாய் பருத்துப் பொறுப்பை எடுத்துக்கொள்ளும், பழைய இணைப்பு மெலியும். சிலருக்கு ஒரு பக்கம் அந்த மாற்றம் நடக்காமல் பழைய லைனிலேயே சப்ளை தொடர்கிறது. தற்காலிகமாகப் போட்ட லைன் நன்றாக ஓடுகிறது என்று அப்படியே விட்டுவிட்ட பிளான்ட் மாதிரி. நம் ஊரில் அப்படி எத்தனை லைன் இருக்கிறது என்று என்னைக் கேட்காதீர்கள்.

இளமையில் இருந்த குழாய் முதுமையில் அப்படியே இருப்பதும் இல்லை. வயதாக ஆகப் பெரிய குழாய்கள் நீண்டு, நெளிந்து, அகலமாகிவிடுகின்றன. நம் வயதுக்காரர் ஸ்கேனில் கழுத்துக் குழாய் கிருஷ்ணகிரி மலைப்பாதை மாதிரி வளைந்து வளைந்து போகும். சுவர் கெட்டியாகும். சின்ன இணைப்புக் குழாய்களோ மெலிந்துபோகும். நெதர்லாந்துக்காரர்கள் பார்த்ததிலும் முழு வளையம் இளையவர்களிடமும் பெண்களிடமும்தான் சற்றுக் கூடுதல். இதில் ஒரு சூட்சுமமும் உண்டு. அந்த வகை ஸ்கேன் படம் பிடிப்பது ஓடுகிற ரத்தத்தை. ஓட்டம் மிக மெதுவாக இருந்தால் குழாய் இருந்தும் படத்தில் தெரியாது. படத்தில் இல்லை என்பதற்காக உடம்பில் இல்லை என்று அடித்துச் சொல்லிவிட முடியாது.

இவ்வளவும் கேட்ட பிறகு, "அப்படியானால் இந்த வித்தியாசத்தால் ஒன்றுமே இல்லையா?" என்று டாக்டரைக் கேட்டேன். அவர் மழுப்பவில்லை. "மெயின் குழாய் நாலும் நன்றாக ஓடுகிறவரை இல்லை சார். ஒன்று அடைத்தால் அன்றைக்குத்தான் கணக்குப் பார்க்கணும்" என்றார். ஏ-ஒன் ஒரு பக்கம் மெலிந்திருந்தால் மறு பக்கம் இரட்டை வேலை பார்க்கும், அந்த முனையில் ரத்தக் குழாய் பலூன் மாதிரி உப்பும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதல், அம்மா படத்தில் அப்படி எதுவும் இல்லை, பி.பி.யை மட்டும் விடாதீர்கள் என்றும் சொன்னார்.

அவர் கணக்கு என்று சொன்னது எனக்கு உடனே புரிந்தது. நம் ஊர்க்காரர்களுக்கும் புரியும். தேசிய நெடுஞ்சாலையில் ஜூஜுவாடியில் லாரி கவிழ்ந்தால் என்ன செய்கிறோம்? பாகலூர் போய் சர்ஜாபூர் வழியாகப் பெங்களூருக்குள் நுழைகிறோம். அந்த ரோடு இருக்கிற தைரியத்தில்தான் வாழ்கிறோம். அது ஒற்றையடிப் பாதையாக இருந்தால்? சாதாரண நாளில் யாருக்கும் தெரியாது. லாரி கவிழ்ந்த நாளில்தான் தெரியும்.

இந்த இரண்டுக்கும் சாட்சியாக இரண்டு பேர் எனக்குப் பழக்கம். டூல் ரூமில் இருந்த ஒரு அண்ணன், வயது 74. கண் ஆபரேஷனுக்கு முன்னால் ஏதோ சோதனையில் ஒரு பக்கக் கரோட்டிட் முழுசாக அடைத்திருப்பது தெரிந்தது. எப்போது அடைத்தது என்று அவருக்கே தெரியாது. தினமும் காலையில் ராமநாயக்கன் ஏரியைச் சுற்றி நடந்துவிட்டு, உழவர் சந்தையில் கீரைக்காரம்மாவிடம் பேரம் பேசுகிற மனிதர். வில்லிஸ் பார்த்த ஆள் எங்கள் ஊரில் கீரை வாங்கிக்கொண்டிருக்கிறார் என்று நினைத்துக்கொள்வேன்.

இன்னொருவன் எனக்குக் கீழே வேலை பார்த்தவன். வயது 58, ரிட்டயர் ஆன புதிது. ஒரு நாள் விடிகாலை எழுந்தபோது வலது கை தூக்க வரவில்லை, பேச்சு குழறியது. வீட்டில் வாயுப்பிடிப்பு என்று தைலம் தேய்த்தார்கள். மகன் ஷிஃப்ட் முடிந்து வரட்டும் என்று காத்திருந்தார்கள். பத்து மணிக்கு மேல்தான் கிளம்பினார்கள். அத்திப்பள்ளி, சந்தாபுரா நெரிசலைத் தாண்டி ஆஸ்பத்திரி போய்ச் சேரும்போது மத்தியானம். கட்டியைக் கரைக்கும் ஊசியை முதல் அறிகுறி தெரிந்த நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். சிலருக்கு அதற்குப் பிறகும் கம்பி விட்டுக் கட்டியை எடுக்க முடியும், ஆனால் ஆளைப் பொறுத்து, படத்தைப் பொறுத்து. அவனுக்கு எதுவும் வாய்க்கவில்லை.

அங்கே டாக்டர் கேட்ட முதல் கேள்விகளில் ஒன்று, "இதற்கு முன்னால் ஏதாவது ஸ்கேன் எடுத்திருக்கிறாரா?" காரணம் இருக்கிறது. படத்தில் அவனுக்கு ஒரு குழாய் தெரியவில்லை. அது பிறவியிலேயே இல்லாததா, இன்று காலை அடைத்ததா? பழைய படம் ஒன்று பக்கத்தில் இருந்தால் பார்த்த மாத்திரத்தில் தெரியும். இல்லாவிட்டாலும் டாக்டர்கள் வேறு விதமாகக் கண்டுபிடிப்பார்கள், அதற்காக நிற்க மாட்டார்கள். ஆனாலும் பழைய படம் பழைய படம்தான்.

அவன் நாலு வருஷத்துக்கு முன்னால் தலைவலிக்கு ஸ்கேன் எடுத்திருந்தான். ரிப்போர்ட்டை யாரும் விளக்கவில்லை, ஒன்றுமில்லை என்று சொன்னதோடு சரி. ரிப்போர்ட் எங்கேயோ போயிற்று. சி.டி. எங்கே இருந்தது தெரியுமா? தோட்டத்தில். தக்காளிச் செடிக்குப் பறவை வராமல் இருக்க நூலில் கட்டித் தொங்க விட்டிருந்தார்கள். அவனைப் பார்க்கப் போனபோது நானே பார்த்தேன். வெயிலில் பளபள என்று சுற்றிக்கொண்டிருந்தது.

அவன் மாத்திரையை மூன்று மாதமாக நிறுத்தியிருந்தான் என்பதையும் சொல்ல வேண்டும். குழாயின் பிறவி அமைப்பின் மேல் எல்லாப் பழியையும் போட முடியாது. பி.பி. மாத்திரையை வீட்டுக்கே கொண்டு வந்து கொடுக்கும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தை 2021 ஆகஸ்ட் 5-ம் தேதி தொடங்கி வைத்ததே நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். அந்த மாவட்டத்தில் இருந்துகொண்டு மாத்திரையை நிறுத்துகிறோம்.

இனி என் கருத்துக்கு வருகிறேன். ஸ்கேன் ரிப்போர்ட் எழுதுகிறவர்கள் கடைசியில் தமிழில் மூன்று வரி எழுத வேண்டும். உங்கள் குழாய் அமைப்பு இப்படி, இது பிறவியிலேயே அமைந்தது அல்லது புதிதாக வந்தது, இந்தப் படத்தைப் பத்திரமாக வையுங்கள். அவ்வளவுதான் நான் கேட்பது. அந்த மூன்று வரி இருந்திருந்தால் என் வீட்டில் வளையல் பாகப்பிரிவினை நடந்திருக்காது. என் பழைய தோழனின் சி.டி. தக்காளித் தோட்டத்துக்குப் போயிருக்காது.

இதை ஸ்கேன் படிக்கும் டாக்டர் ஒருவரிடம், தெரிந்தவர்தான், சொன்னேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "சார், நாங்கள் எழுதுவது நோயாளிக்கு இல்லை, அனுப்பிய டாக்டருக்கு. ஒரு நாளைக்கு எத்தனை கேஸ் பார்க்கிறோம் தெரியுமா? அதுவும் ஓசூரில் எந்த மொழியில் எழுதுவது? தமிழா, தெலுங்கா, கன்னடமா?" என்றார். கேள்வி நியாயம்தான். ஆனால் எங்கள் தொழிற்சாலையில் அபாயம் என்ற பலகையை மூன்று மொழியிலும் எழுதித்தான் வைத்திருந்தோம். ஒரு தடவை அச்சடித்தோம், முப்பது வருஷம் தொங்கியது. அடிக்கடி வரும் பிறவி வித்தியாசங்களுக்கு முன்கூட்டியே எழுதி வைத்த வரிகளைத் தட்டிச் சேர்ப்பது இந்தக் காலத்தில் பெரிய வேலையா? மேலும், ரிப்போர்ட் டாக்டருக்குத்தான் என்றால் அதை என் கையில் ஏன் கொடுக்கிறீர்கள்? கையில் கொடுத்தால் படிப்போம். படித்தால் பயப்படுவோம்.

தமிழில் இது முடியாது என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் என்ற அமெரிக்க மருத்துவர் 1847-ல் யாழ்ப்பாணத்துக்கு வந்தார். மானிப்பாயில் நம் பையன்களுக்கு மேல்நாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே சொல்லிக் கொடுத்தார். உடற்கூற்றுக்கு அங்காதிபாதம் என்று பெயர் வைத்துத் தமிழில் பாடப் புத்தகம் போட்டார்கள். தந்தி புதிதாக இருந்த காலத்தில் முடிந்தது, மூன்று வரி இப்போது முடியாதா?

இதில் ஒரு எச்சரிக்கையும் உண்டு. என் எழுத்தைப் படித்துவிட்டு, எனக்கும் ஆஸ்-பில்ட் ட்ராயிங் வேண்டும் என்று கிளம்பி ஸ்கேன் சென்டர் வாசலில் நிற்காதீர்கள். டாக்டர் கேட்காமல் எடுக்கும் ஸ்கேன் வீண் செலவு, அதைவிட வீண் பயம். ஓடுகிற பிளான்ட்டைப் படம் வரைவதற்காக யாரும் தோண்ட மாட்டார்கள். வேறு காரணத்துக்காகத் தோண்டும்போது வரைந்து வைத்துக்கொள்ள வேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

எனக்கு இன்னொரு குறையும் உண்டு. இந்த சதவீதக் கணக்கு எல்லாம் நான் அமெரிக்காவையும் நெதர்லாந்தையும் வைத்துத்தான் சொன்னேன். நம்மவர் குழாய்க்கு என்று சில குணம் இருக்கிறது. வெள்ளைக்காரர்களுக்கு அடைப்பு பெரும்பாலும் கழுத்தில் வரும். நம்மைப் போன்ற ஆசியர்களுக்கு மண்டைக்குள்ளேயே, அந்த வளையத்தின் அருகிலேயே வருவது அதிகம். அப்படியானால் வளையம் எப்படி அமைந்திருக்கிறது என்பது நமக்கு இன்னும் முக்கியம் அல்லவா? 2024 டிசம்பரில் சென்னை ஐ.ஐ.டி.யின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை ஆய்வு மையம் தரணி என்ற பெயரில் சிசு மூளையின் படத் தொகுப்பை வெளியிட்டது. 14 முதல் 24 வாரம் வரையான சிசுக்களின் மூளை, 5,132 சீவல்களாக, உலகத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அது மூளையின் திசுவுக்கான படம், ரத்தக் குழாய்க்கானது அல்ல. ஆனாலும் பெருமையாக இருந்தது. வாழ்க்கையின் அந்த முனையை நம்மவர்கள் படம் போட்டுவிட்டார்கள். எங்கள் முனையையும், 70, 80 வயதுக் குழாய்களையும், அதே அக்கறையோடு யாராவது போட வேண்டும்.

அதற்கு மூளை வேண்டும். பெங்களூர் நிம்ஹான்ஸில் 1995 முதல் மூளை வங்கி நடக்கிறது. டாக்டர் எஸ்.கே. சங்கர் உருவாக்கியது. பக்கத்திலேயே மூளை அருங்காட்சியகமும் உண்டு. வேலையில் இருந்தபோது ஒரு முறை போயிருக்கிறேன். கண்ணாடி ஜாடிகளில் வரிசையாக மூளைகள். ஒன்றைக் கையுறை போட்டுக் கையிலும் வாங்கிப் பார்த்தேன். ஈரத் துணியைச் சுருட்டி வைத்த மாதிரி இருந்தது. அந்த நிறுவனம் இருக்கும் சாலைக்கே நம் ஊர் பெயர்தான், ஓசூர் ரோடு. இந்தப் பக்கம் போலுப்பள்ளியில் நம் அரசு மருத்துவக் கல்லூரி, 2022 ஜனவரியில் திறந்த 11-ல் ஒன்று. அங்கே படிக்கும் பிள்ளைகள் புத்தகப் படத்தை மட்டும் பார்த்து டாக்டர் ஆகக் கூடாது. தரையில் இருக்கும் குழாயையும் பார்க்க வேண்டும். என் உடம்பைக் கொடுத்துவிடலாம் என்று வீட்டில் ஒரு நாள் மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். "காபி ஆறுது, குடிங்க" என்று பதில் வந்தது. அந்தப் பேச்சு இன்னும் முடியவில்லை.

இப்போதைக்கு நான் செய்திருப்பது ஒன்று. மனைவியின் சி.டி.யையும் ஃபிலிமையும் ரிப்போர்ட்டையும், டாக்டர் மருந்துச் சீட்டின் பின்னால் போட்ட படத்தையும் ஒரே பிளாஸ்டிக் ஃபைலில் போட்டு, ரேஷன் கார்டு, காப்பீட்டு அட்டைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். பேரன் சி.டி.யைக் கம்ப்யூட்டரில் ஏற்றி மகளுக்கும் மகனுக்கும் அனுப்பிவிட்டான். ஃபைல் மேல் மார்க்கரில் நானே எழுதினேன்: வலது முன் குழாய் பிறவியிலேயே மெலிவு, இடது பின் குழாய் முன்பக்கத்திலிருந்து வருகிறது, இரண்டும் பழசு, பயம் வேண்டாம். கீழே ஆஸ்பத்திரி போன் நம்பரும், முகம் கோணினால், கை தொங்கினால், பேச்சு குழறினால் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு உடனே 108-ஐக் கூப்பிடு, தைலம் தேய்க்காதே என்றும்.

மனைவி அதைப் படித்துவிட்டு, "என்னைப் பத்தி எழுதறதுன்னா எல்லாத்துலயும் குழாய்தான் வருமா உங்களுக்கு?" என்றாள். வளையல் விஷயத்தில் மட்டும் ஒரு சிக்கல் ஆகிவிட்டது. அந்த ஞாயிறு ராத்திரிப் பேச்சைப் பெரிய பேத்தி எப்படியோ கேட்டிருக்கிறாள். ஊருக்கு வரும்போதெல்லாம் பீரோவைத் திறந்து, தன் ஜோடியைப் போட்டுப் பார்த்துவிட்டுத் திரும்ப வைக்கிறாள்.